உம்மையிலிருந்து ‘அண்ட்’ வரை

(தொடக்க, உயர்நிலை வகுப்புகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், காரைக்கால் மாவட்டம் போலகத்தைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஆங்கிலத்தில் இரண்டு சிறு வாக்கியங்களை ஒன்றாக இணைக்கக் கற்பிப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கூட்டு எழுவாய், கூட்டுப் பயனிலை என்று சொல்கிறோமே, அந்தப் பகுதி. பாடநூலில் அரைப் பக்கம்கூட வராது. ‘ரவி ப்ளேஸ் கிரிக்கெட். மணி ப்ளேஸ் கிரிக்கெட்’ என்று இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ‘ரவி அண்ட் மணி ப்ளே கிரிக்கெட்’ என்று விடையையும் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

விடைத்தாளைத் திருத்த உட்காரும்போதுதான் பாடம் முடியவில்லை என்பது தெரிகிறது. ‘ரவி அண்ட் மணி ப்ளேஸ்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். ‘ரவி ஆல்ஸோ மணி ஆல்ஸோ ப்ளேயிங்’ என்று இன்னொரு பிள்ளை. ‘மை மதர் கோயிங் டு மார்க்கெட் பையிங் ஃபிஷ் அண்ட் குக்ட்’ என்று மூன்றாவது பிள்ளை. மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இதுகளுக்கு ஒரு வாக்கியம் சேர்க்கத் தெரியவில்லை’ என்று பெருமூச்சு விட்டு அடுத்த தாளுக்குப் போகிறோம்.

அந்த முடிவைத்தான் இன்று கொஞ்சம் கேள்வி கேட்க விரும்புகிறேன். பள்ளியில் சேரும் முன்பே, ‘அம்மா கடைத்தெருவுக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்து கொழம்பு வச்சாங்க’ என்று நான்கு வினைகளை ஒரே மூச்சில் கோத்துப் பேசும் பிள்ளை அது. வாக்கியம் சேர்ப்பது அதற்குக் கைவந்த கலை. அது எழுதும் ஆங்கிலப் பிழைகளில் பல, தனக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருகின்றன. எந்தத் தமிழ் விதி எந்த ஆங்கிலப் பிழையாகிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டால், திருத்துவது பாதி எளிதாகிவிடும்.

சேர்க்கும் சொல் எங்கே நிற்கிறது?

முதலில் எழுவாயை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘ரவியும் மணியும் செல்வியும் வந்தார்கள்’ என்கிறோம். இதில் வருவது எண்ணும்மை. எத்தனை பெயர் இருந்தாலும் ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் ‘உம்’ ஒட்ட வேண்டும். ஒன்றில் விட்டாலும் காதுக்கு இடறும்.

ஆங்கிலத்தில் ‘அண்ட்’ தனிச்சொல். எந்தப் பெயரோடும் ஒட்டாது. இரண்டு பெயர் இருந்தால் நடுவில் நிற்கும். மூன்று, நான்கு என்றால் கடைசிப் பெயருக்கு முன்னால் ஒருமுறை மட்டும் நிற்கும், மற்ற இடங்களைக் காற்புள்ளி பார்த்துக்கொள்ளும். ‘ரவி, மணி அண்ட் செல்வி.’ நம் காரைக்காலில் 1954 வரை ப்ரெஞ்சு ஆட்சி இருந்தது. ப்ரெஞ்சு படித்த பெரியவர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால், ப்ரெஞ்சிலும் ‘ஏ’ என்று ஒலிக்கும் ஒரு சொல் இதே போல நடுவில்தான் நிற்கும் என்பார்கள்.

ஆக, ‘ரவி ஆல்ஸோ மணி ஆல்ஸோ’ என்று எழுதும் பிள்ளை, ஒவ்வொரு ‘உம்’முக்கும் ஓர் ஆங்கிலச் சொல் தேடியிருக்கிறது. ‘ரவி அண்ட் மணி அண்ட் செல்வி அண்ட்’ என்று அடுக்கும் பிள்ளையும் அதே கணக்கைத்தான் போடுகிறது. ‘ஆல்ஸோ போடாதே’ என்று மட்டும் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வழி கிடைக்காது. ‘தமிழில் மூன்று உம், ஆங்கிலத்தில் ஒரே அண்ட், அது கடைசிப் பெயருக்கு முன்னால்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் கிடைக்கும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுவாய் என்று நாம் நினைப்பது சில இடங்களில் தமிழில் எழுவாயாகவே இராது. ‘எனக்கும் தம்பிக்கும் பசிக்கிறது’ என்பதில் இருப்பது நான்காம் வேற்றுமை. பிள்ளை அதை அப்படியே ‘ஃபார் மீ அண்ட் மை பிரதர்’ என்று தொடங்கும். ‘மை பிரதர் அண்ட் ஐ ஆர் ஹங்க்ரி’ என்று ஆங்கிலம் அவர்களை எழுவாயாக்குகிறது, அதிலும் ‘நான்’ கடைசியில் வருவது அங்குள்ள மரியாதை. இப்படிப்பட்ட சில வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்துப் பழக்க வேண்டும்.

ஒருமையா, பன்மையா?

அடுத்தது ‘ப்ளேஸ்’, ‘ப்ளே’ தகராறு. இதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன.

ஒன்று, ‘எஸ்’ என்ற எழுத்து. பெயரோடு சேர்ந்தால் அது பன்மை: ‘பாய்ஸ்’, ‘போட்ஸ்’. வினையோடு சேர்ந்தால் ஒருமை: ‘ஹி ப்ளேஸ்’. இரண்டு பேர் சேர்ந்து விளையாடினால் ‘எஸ்’ கட்டாயம் வேண்டும் என்று பிள்ளை நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இன்னொன்று நம் பேச்சுத் தமிழ். ‘ரவியும் மணியும் ஓடுறாங்க’ என்று மனிதர்களுக்குப் பன்மை போட்டுத்தான் பேசுகிறோம். ஆனால் அஃறிணைக்கு? ‘நாயும் பூனையும் ஓடுது’, ‘படகும் வலையும் கரைல கெடக்குது’ என்கிறோம். எழுத்துத் தமிழில் ‘ஓடுகின்றன’, ‘கிடக்கின்றன’ என்று வர வேண்டிய பலவின்பால் பேச்சில் மறைந்துவிட்டது. எனவே பிள்ளை ‘தி போட் அண்ட் தி நெட் இஸ் ஆன் தி ஷோர்’ என்று எழுதினால், அதன் வீட்டு வழக்கு அங்கே பேசுகிறது. அதே பிள்ளை தமிழ்த் தாளிலும் ‘மரங்கள் விழுந்தது’ என்று எழுதியிருக்கும். தமிழாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே நோய், இரண்டு பாடங்களில் இரண்டு சிவப்பு வட்டம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வாரத்தில் இதை எடுத்தால், ‘விழுந்தன’வும் ‘ஆர்’உம் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இந்த இசைவு தெரியும் இடங்கள் மிகக் குறைவு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். நிகழ்கால வினையின் ‘எஸ்’, ‘இஸ்–ஆர்’, ‘வாஸ்–வேர்’, ‘ஹாஸ்–ஹாவ்’, ‘டஸ்–டு’. இவ்வளவுதான். ‘ரவி வென்ட்’, ‘ரவி அண்ட் மணி வென்ட்’ என்னும்போது வினையில் ஒரு மாற்றமும் இல்லை. தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம் என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் வினை மாறும். அத்தனையையும் பேசிப் பழகிய பிள்ளைக்கு இந்த ஐந்து இடங்கள் பெரிய சுமையாக இராது.

சில இடங்களில் தமிழ் நேராகவே கைகொடுக்கும். ‘தலைமையாசிரியர் ஆசிரியர்களோடு வந்தார்’ என்றால் வினை தலைமையாசிரியருக்கு மட்டுமே இசைகிறது; ‘ஓடு’ வந்தால் அது கூட்டு எழுவாய் ஆகாது. ஆங்கிலத்திலும் ‘தி ஹெட்மாஸ்டர், அலாங் வித் தி டீச்சர்ஸ், ஹாஸ் கம்’ என்று ஒருமைதான். மேல் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறும் இந்த விதியைத் தமிழ் ‘ஓடு’வைக் காட்டி ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ‘ரவியோ மணியோ வருவான்’ என்னும் ஓகாரமும் அப்படியே: ‘ஈதர் ரவி ஆர் மணி இஸ் கமிங்.’ இருவரில் ஒருவர்தான் வருகிறார் என்பதால் இரண்டு மொழியிலும் ஒருமை.

நம் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இந்த எழுவாய்–வினை இசைவு தனித் தலைப்பாகவே இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் விட்ட ஓட்டை அங்கே மதிப்பெண்ணாகக் கசியும்.

ஒரு ரயிலும் ஓர் எஞ்சினும்

இனி பயனிலைக்கு வருவோம். முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் ‘ப்ரெடிகேட்’டும் தமிழின் பயனிலையும் ஒன்று என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். ‘அம்மா மீன் வாங்கினாள்’ என்பதில் தமிழ் இலக்கணப்படி பயனிலை ‘வாங்கினாள்’ மட்டும், மீன் செயப்படுபொருள். ஆங்கிலத்தில் எழுவாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அத்தனையும், ‘பாட் ஃபிஷ்’ முழுவதும், ப்ரெடிகேட். இதைச் சொல்லாமல் விட்டால், பயனிலைக்குக் கோடு போடச் சொல்லும்போது நல்ல பிள்ளை வினைக்கு மட்டும் கோடு போட்டுத் தவறு வாங்கும்.

இனி சேர்க்கும் முறை. ‘அம்மா சந்தைக்குப் போய், மீன் வாங்கி, சமைத்தாள்.’ மூன்று வினைகளில் ‘சமைத்தாள்’ மட்டுமே முற்று. போய், வாங்கி இரண்டும் வினையெச்சம். எழுவாய் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதைச் சொல்வதும் கடைசி வினைதான். ‘சமைப்பாள்’ என்று அதை மட்டும் மாற்றினால் மூன்று செயல்களும் எதிர்காலத்துக்குப் போய்விடும். வினையெச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும் இறுதி வினை முடிய எல்லாம் முடியும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே சொல்லியிருக்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும், இணைப்புச் சொல்லைவிட இப்படிப்பட்ட எச்சங்களைக் கொண்டு தொடுப்பதையே இம்மொழிகள் விரும்புகின்றன என்பது ஓர் அடிப்படை இயல்பாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

நம் துறைமுகத்திலிருந்து நாகூர்ப் பக்கம் போகும் நிலக்கரி ரயிலைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். எத்தனை பெட்டி இருந்தாலும் இழுப்பது எஞ்சின். தமிழ் வாக்கியம் அப்படி. எஞ்சின் கடைசியில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலத்தின் கூட்டுப் பயனிலை, ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் போகும் லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் தனி எஞ்சின் வேண்டும். ‘மை மதர் வென்ட் டு தி மார்க்கெட், பாட் ஃபிஷ் அண்ட் குக்ட் இட்.’ வென்ட், பாட், குக்ட் மூன்றும் தத்தம் காலத்தைத் தாமே சுமக்கின்றன.

‘கோயிங், பையிங், குக்ட்’ என்று எழுதிய பிள்ளையை இப்போது பாருங்கள். கடைசி வினைக்கு மட்டும் காலம் கொடுத்து, முன்னால் உள்ளவற்றை எச்சமாக விட்டிருக்கிறது. தமிழ் விதியை எவ்வளவு துல்லியமாகப் பின்பற்றியிருக்கிறது! அதற்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘ஒவ்வொரு லாரிக்கும் எஞ்சின் போட்டாயா?’

துணைவினை வரும்போது மட்டும் ஆங்கிலமும் நம் ரயிலாகிவிடும். ‘மை மதர் வில் பை ஃபிஷ் அண்ட் குக் இட்’ என்பதில் ஒரு ‘வில்’ இரண்டு வினைகளையும் இழுக்கிறது. எஞ்சின் முன்னால் இருக்கிறது. இதை இரண்டாம் கட்டமாகச் சொன்னால் போதும்.

‘செய்து’வா, ‘செய’வா?

கூட்டுப் பயனிலைக்கும் கூட்டு வாக்கியத்துக்கும் வேறுபாடு காண்பது மேல் வகுப்புகளில் பெரும் தலைவலி. இதற்கும் தமிழில் ஓர் உரைகல் இருக்கிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் ஒரே வினைமுதலைக் கொண்டு முடியும்: ‘மாணவன் ஓடி வந்தான்.’ ஓடியவனும் வந்தவனும் ஒருவனே. ‘செய’ என்னும் எச்சம் வேறு வினைமுதலை ஏற்கும்: ‘மணி அடிக்க மாணவர் ஓடினர்.’ அடித்தது மணி, ஓடியவர் மாணவர்.

இரண்டு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘செய்து’ வந்தால் எழுவாய் ஒன்று. ஆங்கிலத்தில் கூட்டுப் பயனிலை. இரண்டு வினை மட்டும் என்றால் ‘அண்ட்’டுக்கு முன்னால் காற்புள்ளி வேண்டாம். ‘செய்து’ போட முடியாமல் ‘செய’ வந்தால் எழுவாய் இரண்டு; ‘தி பெல் ராங், அண்ட் தி ஸ்டூடண்ட்ஸ் ரான்’ என்று இரண்டையும் எழுதி, காற்புள்ளியும் இட வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோமே’ என்று தமிழாசிரியர் கேட்பார். காரணமும் விளைவுமாக வரும் அத்தகைய சில தொடர்கள் விலக்கு. தொடக்கத்தில் அவற்றைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சி கொடுக்கலாம்.

ஒரு மாம்பழமா, இரண்டா?

இணைப்பதில் நாம் அதிகம் பேசாத ஓர் ஆபத்து உண்டு. பொருள் மாறிவிடுவது.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவைப் பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஆனி மாதம் பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடியிலிருந்து மாங்கனிகளை வீசுவதும், கீழே நிற்பவர்கள் அதைப் பிடிக்க முந்துவதும் அவர்கள் கண்ணால் கண்டவை. ‘பீப்பிள் ஸ்டாண்ட் ஆன் தி டெரஸ். பீப்பிள் த்ரோ மேங்கோஸ்’ என்பதை ‘பீப்பிள் ஸ்டாண்ட் ஆன் தி டெரஸ் அண்ட் த்ரோ மேங்கோஸ்’ என்று சேர்ப்பதில் சிக்கல் இல்லை.

அடுத்து, ‘மை மதர் கேட்சஸ் எ மேங்கோ. மை ஆன்ட் கேட்சஸ் எ மேங்கோ.’ இதைச் சேர்த்து, ‘எஸ்’ஸையும் சரியாக நீக்கி, ‘மை மதர் அண்ட் மை ஆன்ட் கேட்ச் எ மேங்கோ’ என்று எழுதினால் முழு மதிப்பெண் போட்டுவிடுவோம். ஆனால் இரண்டு மாம்பழம் இப்போது எங்கே? அம்மாவும் அத்தையும் சேர்ந்து ஒரே பழத்தைப் பிடித்தது போலவும் ஆகிவிட்டதே! தமிழிலும் இந்த மயக்கம் உண்டு. அதனால்தான் ‘ஆளுக்கு ஒரு பழம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஈச்’ என்ற சொல் அந்த வேலையைச் செய்யும்: ‘மை மதர் அண்ட் மை ஆன்ட் ஈச் கேட்ச் எ மேங்கோ.’ இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இலக்கணப் பாடத்தில் தூங்கும் பிள்ளைகூடப் பழக் கணக்குக்கு எழுந்து உட்காரும்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்பில் எழுத்துக்கு முன் அட்டை போதும். ‘ரவி’ அட்டையோடு ஒரு பிள்ளை, ‘ப்ளே’ அட்டையோடு ஒரு பிள்ளை, அதன் பக்கத்தில் ‘எஸ்’ அட்டையோடு இன்னொரு பிள்ளை நிற்கட்டும். ‘மணி’ வரும்போது ‘அண்ட்’ நடுவில் வந்து நிற்கும். ‘எஸ்’ போய் உட்கார்ந்துவிடும். மணி திரும்பிப் போனால் ‘எஸ்’ எழுந்து வரும். நான்கைந்து முறை ஆடினால், கூட்டு எழுவாய் என்ற சொல்லைச் சொல்லாமலே விதி பிடிபடும்.

ஆறாம் வகுப்பு முதல் நான்கு படிகள். முதலில் இரண்டு வாக்கியங்களையும் தமிழில் சொல்லி, தமிழில் சேர்ப்பது. இரண்டாவது, ஆங்கில வாக்கியங்களில் பொதுவாக இருப்பதன் அடியில் கோடிடுவது: பின்பகுதி பொது என்றால் எழுவாய்கள் சேரும், முன்பகுதி பொது என்றால் பயனிலைகள் சேரும், எதுவும் பொது இல்லை என்றால் அது கூட்டு வாக்கியம். மூன்றாவது, சேர்த்த பின் வினையைச் சோதிப்பது. நான்காவது, பொருள் மாறவில்லையே என்று பார்ப்பது. வாரத்தில் ஒருநாள் எதிர்த்திசையிலும் போகலாம். சேர்ந்த வாக்கியத்தைக் கொடுத்து, அதற்குள் எத்தனை வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பிரிக்கச் சொல்வது.

திருத்தும்போது வட்டத்துக்குப் பதில் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடலாம். உம்மைப் பிழைக்கு ‘உ’, ஒருமை பன்மைக்கு ‘ஒ’, எஞ்சின் இல்லாத வினைக்கு ‘மு’. எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அதுவே அடுத்த வாரப் பாடம்.

இந்தப் பயிற்சிக்கு உலக அளவில் ஆய்வுப் பின்புலமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ராங்க் ஓ’ஹேர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இலக்கணக் கலைச்சொற்களைப் புகட்டாமல் வாக்கியம் இணைக்கும் பயிற்சி மட்டும் கொடுத்து எழுத்தில் முன்னேற்றம் கண்டார். 2007இல் ஸ்டீவ் கிரகாம், டோலரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12 வரையிலான வகுப்புகளின் ஆய்வுகளைத் தொகுத்து, எழுத்தை வளர்க்கும் 11 முறைகளைப் பரிந்துரைத்தனர். வாக்கிய இணைப்பு அவற்றில் ஒன்று. இலக்கணத்தைத் தனியே பிரித்துப் போதிப்பது எழுத்துக்கு உதவவில்லை என்றும் அதே அறிக்கை காட்டியது. அங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை என்பதால்தான், தமிழில் சேர்த்துப் பார்க்கும் முதல் படியை நான் வலியுறுத்துகிறேன்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ‘அண்ட்’ கற்ற பிள்ளை ஒரு பக்கம் முழுக்க ‘அண்ட்’ போட்டுக்கொண்டே போகும். கெல்லாக் ஹண்ட் 1965இல் நான்கு, எட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்தை ஒப்பிட்டபோது, சிறு வகுப்பினர் ‘அண்ட்’ போட்டு வாக்கியங்களை நீட்டுவதையும், வளர வளர அவற்றைச் சுருக்கி உள்ளே அடக்குவதையும் கண்டார். எனவே ‘அண்ட்’ ஒரு படிக்கட்டு. அங்கே உட்கார்ந்துவிடக் கூடாது. சில இடங்களில் சேர்க்காமல் விடுவதே அழகு என்பதையும் சொல்ல வேண்டும். ஊரே காத்திருந்த பின், ‘தி மேங்கோஸ் ஃபால்’ என்று மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் தனியாக நின்றால் அதற்கு ஒரு வலிமை உண்டு.

நிறைவாக ஒன்று. நம் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் மீனவக் குடும்பங்களிலிருந்தும் வயல் வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கிடைக்கும் இடம் வகுப்பறை மட்டுமே. ‘தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்தில் யோசி’ என்று அவர்களிடம் சொன்னால், கையில் இருக்கும் ஒரே முதலையும் கீழே வைக்கச் சொல்வதாகிவிடும். ‘நீ தமிழில் இதை எப்படிச் சேர்ப்பாய்?’ என்று கேட்டால், அந்த முதலைப் போட்டே ஆங்கிலத்தையும் வாங்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை விடைத்தாளைத் திருத்தும்போது, வட்டமிடும் முன் ஒரு கணம், ‘இது எந்தத் தமிழ் விதி?’ என்று பாருங்கள். விடை கிடைத்தால் அதைப் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.